நேராக நின்ற நாலு திருகுகள்

ஊசியக்கா என்ற பெயர் அவள் வாயைப் பார்த்து வைத்ததல்ல, தொழிலைப் பார்த்து வைத்தது. இரண்டுக்கும் பொருந்துகிறது என்று சொல்பவர்களும் தெருவில் உண்டு. ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள பரிசோதனைக் கூடத்தில் இருபத்தெட்டு வருடமாக இரத்தம் எடுக்கிறாள். வலிக்குமா என்று யாராவது கேட்டால், கேட்டு முடிப்பதற்குள் எடுத்து முடித்துப் பஞ்சை அழுத்திவிட்டு, எழுந்திருக்கச் சொல்வாள். பயில்வான் மாதிரி வந்து உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொள்ளும் ஆண்பிள்ளைகளைக் கண்டால் அவளுக்குக் கொண்டாட்டம். வேண்டுமென்றே ஒரு நிமிடம் கூடுதலாகக் கையைத் தட்டிக்கொண்டிருப்பாள்.

ஆனால் கண்ணாடிக் குழாயில் நிற்கும் திரவத்தின் மட்டத்தைப் பார்க்கும்போது விளையாட்டெல்லாம் கிடையாது. குனிந்து, கண்ணை அந்த மட்டத்துக்கே கொண்டுபோய், மூச்சைப் பிடித்துக்கொண்டு, திரவத்தின் வளைவு எந்தக் கோட்டில் அடியை ஊன்றியிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் எண்ணை எழுதுவாள். நின்ற வாக்கில் மேலே இருந்து எட்டிப் பார்த்து எண் சொல்பவர்களை அவளுக்கு அறவே பிடிக்காது.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்தவர் கண்ணளவில் காலம் தள்ளுகிறவர். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவது அவர் தொழில். பலகைக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். அளவுகோலைக் கையால் தொட மாட்டார். ஒற்றைக் கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டிப் பார்ப்பார், தூரிகையை இழுப்பார், கோடு நூல் பிடித்த மாதிரி நிற்கும். அதில் குற்றம் சொல்ல இடமே இல்லை. பலகையில் பலிக்கிற கண்ணளவு மற்ற எல்லாவற்றிலும் பலிக்கும் என்று நம்பியதுதான் குற்றம். பஸ் வருகிற நேரம், பாலுக்குப் போடுகிற சர்க்கரை, மனைவியின் செருப்பளவு எல்லாமே அவருக்குக் கண்ணளவுதான். கடைசியாக வாங்கி வந்த செருப்பு எதிர்வீட்டு அம்மாளுக்குக் கச்சிதமாக இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. ஒற்றை சிலிண்டர் வண்டி, ஊசியக்காவைவிட வயதில் மூத்தது, அவளுடைய அப்பாவின் வண்டி. அவளுக்குப் பதினேழு வயதில் அப்பாவே காலி மைதானத்துக்குக் கூட்டிப்போய் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். உதைத்தவுடன் கிளப்புகிற லாகவம் மகளுக்குத்தான் வந்தது, மகனுக்கு வரவில்லை. ஆனாலும் அவளுக்குக் கல்யாணமான மறுவாரம் அதே அப்பா சாவியைக் கொண்டுவந்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார். காபித் தம்ளர்களோடு அவள் பக்கத்தில்தான் நின்றாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால், அவரே வைத்துக்கொள்ளட்டும் என்றுகூடச் சொல்லியிருப்பாள். கேட்காததுதான் இருபத்தாறு வருடமாக நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அந்தக் காலத்து வண்டியைக் கிளப்ப உதை போதும், சாவி ஹேண்டிலைப் பூட்டத்தான். ஆனாலும் அன்றைக்கு அவர் இடுப்பில் ஏறிய சாவி இன்றுவரை இறங்கவில்லை. அவள் பழைய ஸ்கூட்டர் ஒன்றில் வேலைக்குப் போய்வந்தாள்.

அந்த வண்டி அவரிடம் ஒழுங்காக ஓடியிருந்தாலாவது மனம் ஆறியிருக்கும். அது ஓடியதைவிடச் சொட்டியது அதிகம். எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டுகிற கார்புரேட்டரின் அடியில் ஒரு சின்னக் கிண்ணம் உண்டு. அதற்குள் பித்தளையில் ஒரு மிதவை. பெட்ரோல் ஏற ஏற மிதவையும் எழும்பி, தன்மேல் உள்ள மெல்லிய நாக்கால் ஓர் ஊசியைத் தள்ளி வழியை அடைக்க வேண்டும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் பந்து செய்கிற அதே வேலைதான். நாக்கு ஒரு முடியளவு இந்தப் பக்கம் வளைந்தால் பெட்ரோல் வழியும், வண்டி கரும்புகை கக்கும். அந்தப் பக்கம் வளைந்தால் மேட்டில் ஏறும்போது பெட்ரோல் போதாமல் இருமி நிற்கும். கிண்ணத்தின் விளிம்புக்கு மூன்று மில்லிமீட்டர் கீழே பெட்ரோல் நிற்க வேண்டும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் படம் போட்டு எழுதியிருக்கிறது. பலகைக்காரர் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, எழுத்தையெல்லாம் நெருக்கியடித்துப் போட்டிருக்கிறான் என்று குறை சொல்லி மூடி வைத்துவிட்டார்.

இந்த வேலையில் அவருக்குக் கூட்டாளி ஊசியக்காவின் தம்பி. வீட்டுத் தரகன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடுவான். மாமாவும் மச்சானும் வண்டியைப் பக்கவாட்டு ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்திவிட்டுக் கிண்ணத்தைக் கழற்றுவார்கள். சாய்ந்து நிற்கிற வண்டியில் எந்த மட்டம் நேராக இருக்கும் என்று இரண்டு பேரும் யோசித்ததில்லை. மாமாவுக்கு முட்டிவலி, அதனால் நின்றபடியே பார்ப்பார். மச்சான் குந்தி உட்கார்ந்து, அறைகளை அளக்கிற நீட்டு டேப்பை வைத்துப் பார்ப்பான். இவர் இன்னும் கொஞ்சம் மேலே வேண்டும் என்பார், அவன் இன்னும் கொஞ்சம் கீழே என்பான். சண்டை முற்றுகிற நேரத்தில் தம்பியின் தொழில்புத்தி வேலை செய்யும்.

"மாமா, உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம். நடுவுல வச்சுக்கலாம்."

வீடு பேசி முடிக்கிற தோரணையில் மிதவையைப் பேசி முடித்துவிடுவான். இரண்டு தவறான அளவுகளுக்கு நடுவே மிதவையை வைத்து, கிண்ணத்தை மாட்டி, இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொள்வார்கள். ஊசியக்கா சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். ஒருமுறை மட்டும் பொறுக்க முடியாமல் கிட்டே போய், வண்டியை நிமிர்த்தி நிறுத்திவிட்டுப் பாருங்கள் என்றாள். இது என்ன இரத்தமா, குழாயில் பிடித்துப் பார்க்க என்று கணவர் கேட்டார். தம்பி சிரித்தான். அன்றோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். மூளையை மூடிக்கொள்ளவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை பழைய வண்டிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து விளையாட்டு மைதானத்திலிருந்து ஏரிக்கரை வரை ஓட்டிப்போவார்கள். நாற்பது கிலோமீட்டர். போய்ச் சேர்ந்தால் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு தகர வில்லை தருவார்கள், அவ்வளவுதான். பலகைக்காரர் அந்த வில்லையை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. மூன்று வருடமாக வண்டி பாதிவழியில் உள்ள பாலத்துக்கு அப்பால் போக மறுத்தது. தம்பி சரக்கு வண்டியும் கயிறுமாக வந்து ஏற்றிக்கொண்டு போவான்.

நாலாவது வருட ஓட்டத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவருக்கும் தம்பிக்கும் நடுவில் புகுந்து ஊசியக்கா குத்தினாள்.

"என்னங்க, இந்த வருஷமும் வண்டி பாதியில நின்னுச்சுன்னா சாவி என்கிட்ட வரணும். அப்புறம் நான் முன்னாடி, நீங்க பின்னாடி."

பலகைக்காரருக்குச் சிரிப்பில் புரையேறியது. நிற்காமல் போய்ச் சேர்ந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். சாவியைப் பற்றி அதற்கப்புறம் வாயே திறப்பதில்லை என்றாள். அவள் வாய் திறக்காமல் இருப்பாள் என்கிற ஆசையிலேயே அவர் சரி என்றுவிட்டார். தம்பி இரண்டு தரப்புக்கும் சாட்சி.

அவளுக்கு இதில் கவலையே இல்லை. அவள் ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தால் போதும், இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவளை ஜெயிக்க வைத்துவிடுவார்கள். மூன்று ஞாயிறுகள் அப்படித்தான் போயின. கொட்டகையில் கரும்புகை, கிண்ணத்துக்கு அடியில் வைத்த தகர மூடியில் சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல், அவள் முகத்தில் புன்னகை.

ஓட்டத்துக்கு முந்தைய ஞாயிறு விபரீதம் நடந்தது. இரண்டு பேரும் வழக்கம்போல் சண்டை போட்டு, வழக்கம்போல் நடுவில் வைத்தார்கள். இரண்டு தப்பும் ஒன்றையொன்று தின்றுவிட்டதோ என்னவோ, வண்டி ஒரே உதையில் கிளம்பியது. தெருவை மூன்று சுற்று சுற்றியது, புகையில்லை, இருமலில்லை. பலகைக்காரர் ஒற்றைக் கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு ராஜா மாதிரி வந்து இறங்கினார். ஊசியக்கா சமையலறை ஜன்னலைப் படாரென்று சாத்தினாள்.

திங்கட்கிழமை காலை அவர் பலகை எழுதப் போனதும் அவள் வேலைக்கு அரைநாள் விடுப்பு சொன்னாள். கொட்டகைக்குள் போய், டாங்கிக்கு அடியில் இருந்த பெட்ரோல் குழாயின் காதைத் திருப்பி மூடினாள். நாலு திருகைக் கழற்றிக் கிண்ணத்தை எடுத்தாள். மிதவையின் நாக்கை நகநுனியால் ஒரு முடியளவு, ஒரே ஒரு முடியளவு வளைத்தாள். இரத்த நாளத்தைத் தேடிப் பழகிய விரலுக்கு அது ஒரு வேலையே இல்லை. கிண்ணத்தை மாட்டி, திருகுகளை முடுக்கி, துடைத்து வைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவினாள்.

சாயங்காலம் அவர் வண்டியை உதைத்தார். கரும்புகை வந்தது. தகர மூடியில் சொட்டு விழுந்தது. அவர் குனிந்து கார்புரேட்டரையே கொஞ்ச நேரம் பார்த்தார். தம்பிக்கு ஃபோன் போடுவார், இரண்டு பேரும் விடிய விடியப் பிரித்து மேய்வார்கள், இன்னும் மோசமாக்குவார்கள் என்று அவள் காத்திருந்தாள். அவர் எழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டே, ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை வரை அவர் வண்டிப் பக்கமே போகவில்லை. சாயங்காலமானால் முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ சின்னப் பலகை எழுதிக்கொண்டிருந்தார். யாருக்கு என்று கேட்டால் ஒரு வாடிக்கைக்காரருக்கு என்றார். சத்தம் போட்டிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மனிதர் தோல்வியை ஒத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறாரே என்பதுதான் அவளைக் குடைந்தது. போதாக்குறைக்கு, பரிசோதனைக் கூடத்தில் எந்தக் குழாயை எடுத்தாலும் அந்த மிதவை ஞாபகம் வந்தது. ஊரிலுள்ள அத்தனை மட்டத்தையும் சரியாகப் பார்க்கிறவள், சொந்தக் கொட்டகையில் ஒன்றைத் தெரிந்தே தப்பாக வைத்துவிட்டு வந்திருக்கிறாள். சாவி வேண்டும்தான். இப்படிக் கிடைக்கிற சாவியை எந்த முகத்தோடு இடுப்பில் செருகுவது?

வியாழக்கிழமை வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். வெள்ளிக்கிழமை அவர் தலை மறைந்ததும் கொட்டகைக்குப் போய்விட்டாள்.

இந்த முறை அவசரமில்லை. கால் பலத்தையெல்லாம் கொடுத்து வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்த்தாள். தேதி முடிந்து ஒதுக்கிப் போட்ட குளுக்கோஸ் ஏற்றும் குழாய் ஒன்றை எதிர் ஆஸ்பத்திரியில் கேட்டுக் கொண்டுவந்திருந்தாள். கிண்ணத்தின் அடியில் இருந்த வடிகால் மூக்கில் அதைச் செருகி, வளைத்து மேலே தூக்கிக் கிண்ணத்தோடு ஒட்டிப் பிடித்து, பெட்ரோலைத் திறந்துவிட்டாள். உள்ளே எவ்வளவு நிற்கிறதோ அதே மட்டத்துக்குக் குழாயிலும் ஏறி நின்றது. தரையில் சாக்கை விரித்துப் படுத்து, கண்ணை அந்த மட்டத்துக்குக் கொண்டுபோய், மூச்சை நிறுத்தினாள். விளிம்புக்கு ஒரு மில்லிமீட்டர்தான் இடைவெளி இருந்தது. கழற்றி வளைத்தாள், மாட்டிப் பார்த்தாள், நாலு ஆனது. மறுபடியும் கழற்றினாள். ஆறாவது தடவை வளைவின் அடி மூன்றில் வந்து அசையாமல் நின்றது. அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். அடுத்த கணமே, தன் கையால் தன் சாவியைத் தொலைத்துவிட்டோம் என்று அழுகை வந்தது. சாக்கில் படுத்தபடியே கொஞ்சம் அழுதாள். பிறகு திருகுகளை முடுக்கித் துடைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

சனிக்கிழமை அவர் உதைத்ததும் வண்டி முதல் உதையிலேயே கிளம்பி, கடிகாரம் மாதிரி நிதானமாகத் துடித்தது. பலகைக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"பாத்தியா? எல்லாம் நம்ம கண்ணளவு."

ஊசியக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் ஊசி இல்லாததால் அவர் தப்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள், மடியில் கைப்பை. தம்பி ஏரிக்கரையில் சரக்கு வண்டியோடு காத்திருப்பதாகவும், நின்றால் ஒரு ஃபோன் போதும் என்றும் சொல்லிவிட்டு முன்னாலேயே போய்விட்டான். ஐம்பது அறுபது வண்டிகள் கிளம்பின. இவர்கள் வண்டி ஒவ்வொன்றாகத் தாண்டியது. மேடு வந்தது, இருமவில்லை. இறக்கம் வந்தது, புகையவில்லை. அவள் வைத்த மட்டம் அப்படி. மனிதர் வழியில் கண்டவர்களுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு ஓட்டினார். பின்னால் இருந்தவளுக்குப் பெருமையும் வயிற்றெரிச்சலும் மாறி மாறி வந்தன. மூன்று வருடமாக முரண்டு பிடித்த பாலத்தையும் வண்டி தாண்டியது. தாண்டும்போது அவர் முட்டியைச் சொறிவதுபோலக் கொஞ்சம் குனிந்து நிமிர்ந்தார்.

அதற்கப்புறம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. வண்டி இரண்டு தடவை விக்கியது, மூச்சு வாங்கியது, நின்றுவிட்டது.

"நின்னுடுச்சும்மா," என்று அவர் ஓரமாக நிறுத்தி இறங்கினார். "தோத்துட்டேன்."

ஜெயித்தவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். அவள் வைத்த மட்டத்தில் வண்டி நிற்கவே கூடாது. கைப்பையைச் சாலையோரக் கல்லில் வைத்துவிட்டுக் குனிந்தாள். கிண்ணத்தில் சொட்டில்லை. முகர்ந்து பார்த்தாள், பெட்ரோல் வாடையும் மிகுதியாக இல்லை. கை மெல்ல மேலே போனது. டாங்கிக்கு அடியில் பெட்ரோல் குழாயின் காது குறுக்கே திரும்பியிருந்தது. மூடியிருக்கிறது என்று அர்த்தம். அவள் நிமிர்ந்து பார்த்தபோது கணவர் ஒற்றைக் கண்ணை மூடிக் கட்டைவிரலை நீட்டித் தூரத்துப் பாலத்தை அளந்துகொண்டிருந்தார்.

"எப்போலேர்ந்து தெரியும்?" என்று கேட்டாள்.

"திங்கக்கிழமை சாயங்காலம். நான் மாட்டுன திருகு ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியத் திருப்பிட்டு நிக்கும். அன்னைக்கு நாலு தலையிலயும் வெட்டு ஒரே மாதிரி நேரா நின்னுச்சு. நான் பலகை எழுதுறவன்மா. மிதவை என்னை ஏமாத்தலாம், நேர்க்கோடு ஏமாத்துமா?"

ஊசியக்கா குனிந்து நாலு திருகையும் பார்த்தாள். எதை முடுக்கினாலும் வெட்டை நேராக நிறுத்தி முடிப்பது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி. அவளுக்கே தெரியாது. கெடுத்தது நான்தான் என்று மெல்லச் சொன்னாள்.

"நேத்து முதல் உதையிலயே கிளம்புச்சு, அப்பவும் நாலும் நேராத்தான் இருந்துச்சு," என்றார் அவர். "சும்மா விட்டிருந்தா சாவி உனக்குத்தான். ஏன் திரும்ப சரி பண்ணின?"

"மட்டம் தப்பா இருந்துச்சு."

அவர் இடுப்பில் கைவிட்டுச் சாவியை அவிழ்த்தார். இருபத்தாறு வருடம் ஒரே இடத்தில் தொங்கியதால் வளையம் லேசில் வரவில்லை. அவர் கொஞ்சம் தடுமாறித்தான் எடுத்தார். அன்றைக்கு உன் அப்பா கொடுத்தபோதே உன்னைத் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும், புது மாப்பிள்ளை மிதப்பில் தோன்றவில்லை, அப்புறம் கேட்கக் கூச்சமாகிவிட்டது என்றார். அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளப் போனவளுக்கு அவர் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது.

பக்கப் பெட்டியிலிருந்து ஒரு சின்னப் பலகையை எடுத்து அவர் வண்டியின் பின்னால் கம்பி வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைப் பின்னணியில் சிவப்பாக, ஓரம் பிசிறில்லாமல், ஒரு வாரம் உட்கார்ந்து எழுதிய 'எல்' போர்டு.

"புதுசா ஓட்டுறவங்க இது மாட்டணும். சட்டம்," என்றார் முகத்தை மாற்றாமல்.

அவள் அதை எட்டி நின்று பார்த்தாள், குனிந்து பார்த்தாள், இடது பக்கம் ரெண்டு மில்லிமீட்டர் சரிந்திருக்கிறது என்றாள். அவர் பதறிப்போய் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பதற்குள் குழாயைத் திறந்து, உதைத்துக் கிளப்பியும்விட்டாள். பலகைக்காரர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் தொற்றிக்கொண்டார். மெதுவாகப் போ, மெதுவாகப் போ என்று ஏரிக்கரை வரை சொல்லிக்கொண்டே வந்தார். அவள் காதில் எஞ்சின் சத்தம் தவிர வேறெதுவும் விழவில்லை.

தம்பி கயிறும் கையுமாக நின்றிருந்தான். முன்னால் அக்காவையும் பின்னால் மாமாவையும் மடியிலிருந்த பையையும் பார்த்துவிட்டுக் கயிற்றைக் கீழே போட்டான். நடந்ததைக் கேட்டதும் அவனுக்குச் சாட்சியாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய அவசரம்.

"வண்டி நின்னதும் நிஜம், வந்து சேர்ந்ததும் நிஜம். பேசாம நடுவுல வச்சுக்கலாம். ஒரு வாரம் மாமா, ஒரு வாரம் நீ."

ஊசியக்கா தகர வில்லையைச் சேலையில் குத்திக்கொண்டே யோசித்தாள்.

"சரிடா, நடுவுலயே வச்சுக்கலாம். இருபத்தாறு வருஷம் அவர் ஓட்டிட்டார். இனி இருபத்தாறு வருஷம் நான் ஓட்டுறேன். அதுல இன்னைக்கு வந்த இருபது கிலோமீட்டரைக் கழிச்சுக்கோ."

பலகைக்காரர் விரல்விட்டு எண்ணி, அப்போது தனக்கு எண்பத்தோரு வயதாகிவிடுமே என்றார். அது கண்ணளவா, அளந்து சொல்கிறீர்களா என்று கேட்டுவிட்டு அவள் சாவியை இடுப்பில் செருகினாள்.